எரிகிற வீட்டில் பிடுங்கினது

இராமேசுவரம் தீவில் கடலை ஒட்டிய ஒரு குடியிருப்பில் மூன்று ஓலை வீடுகள் எரிந்த இரவில்தான் அந்தப் பழமொழியை என் முகத்துக்கு நேரே கேட்டேன். ஆடி மாதம். கச்சான் காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. தீயணைப்பு வண்டி வந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும். மணலில் கிடந்த ஹோஸ் பைப்புக்கு இந்தப் பக்கம், ஒரு பூவரச மரத்தில் தோளைச் சாய்த்து நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது. "எரியுற வீட்டுல புடுங்குனது லாபம்னு வந்துட்டியாடா?" என்று கத்தினார் ஒருவர். கேமராவைப் பறித்து மணலில் வீசினார். சுற்றி நூறு பேர் நின்றார்கள். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அவர் வாய்விட்டுச் சொன்னதைத்தான் அவர்களும் மனதுக்குள் நினைத்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது இராமநாதபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் படம். நடுவில் நாளிதழ்களுக்கும் படம் கொடுப்பேன். அந்தத் தொழிலை விட்டுப் பல வருடம் ஆகிறது. அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அன்று ஒருவர் கேட்டதை இன்று ஊரே கேட்கிறது. தீப்பிடித்த இடத்தில் ஒருவன் கேமராவையோ செல்போனையோ தூக்கினால் "இவனெல்லாம் மனுஷனா" என்கிறார்கள். பட்டிமன்ற மேடையில் இதைச் சொன்னால் உடனே கைதட்டல் விழுகிறது. நல்லவர்கள்தான் சொல்கிறார்கள். இரக்கத்தில்தான் சொல்கிறார்கள். ஆகவேதான் இதை மறுத்து எழுத இத்தனை காலம் தயங்கினேன்.

இரவில் எரியும் வீட்டையும் அதோடு மல்லுக்கட்டும் தீயணைப்பு வீரர்களையும் யாராவது ஒருவர் படமெடுத்தே ஆக வேண்டும். எடுக்காமல் விட்டால் நட்டம் எரிந்த வீட்டுக்காரருக்கு. பிடுங்கிக்கொண்டு போகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் விடிந்த பிறகு வருகிறார்கள், கையில் கேமரா இல்லாமல் வருகிறார்கள்.

இந்தக் கடற்கரையில் இருந்துகொண்டு தீயையும் படத்தையும் பற்றிப் பேசுகிறவர் ஏர்வாடியைத் தொடாமல் போக முடியாது. 2001 ஆகஸ்ட் 6. விடியுமுன் ஐந்து மணி வாக்கில் மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. தர்காவில் தங்கவைத்தால் குணமாகும் என்று நம்பிக் குடும்பத்தார் கொண்டுவந்து விட்டவர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உள்ளே இருந்தார்கள். கட்டிலோடும் கம்பத்தோடும் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். கட்டு தளர்ந்திருந்த சிலர் தப்பினார்கள். 28 பேர் இறந்தார்கள். உடல்களை அடையாளம் காண முடியவில்லை.

அந்தச் சங்கிலி யாருக்கும் தெரியாததல்ல. தர்காவுக்கு வந்துபோன ஒவ்வொருவர் கண்ணிலும் பட்டதுதான். நானே பார்த்திருக்கிறேன், கந்தூரிக்குப் போன இடத்தில் பார்த்துவிட்டு, பாவம் என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறி வந்திருக்கிறேன். இத்தகைய விடுதி நடத்த உரிமம் வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அப்போதே சொல்லிக்கொண்டிருந்தது. சட்டமும் இருந்தது, சங்கிலியும் இருந்தது. ஆகஸ்ட் 6 காலையில் எடுத்த படங்கள் நாளிதழ்களில் வந்தன. கருகிய உடல்களையும் அவற்றைப் பிணைத்திருந்த இரும்பையும் நாடு பார்த்தது. நாளிதழ்ச் செய்திகளை வைத்துப் பதிவாளர் எழுதிய குறிப்பின் பேரில் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. ஆகஸ்ட் 13ஆம் தேதி அங்கிருந்த அப்படிப்பட்ட காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டன. 500க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். என். ராமதாஸ் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. 2007இல் காப்பக உரிமையாளருக்கும் அவர் மனைவிக்கும் உறவினர் இருவருக்கும் ஏழாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளி எவரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது.

இதெல்லாம் படத்தால் மட்டும் நடந்தது என்று சொன்னால் அது பொய். எழுதினவர்கள் இருக்கிறார்கள், வழக்காடினவர்கள் இருக்கிறார்கள், பிழைத்து வந்து வாய் திறந்து சொன்னவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பல வருடம் பார்த்தும் பார்க்காமல் போன எங்களைப் போன்றவர்களை அந்தப் படங்கள்தான் பிடித்து நிறுத்தின. அன்றைக்கு நாளிதழை விரித்தபோது, பஸ் ஏறி வந்த அந்த நாள் என் நினைவுக்கு வந்தது. இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. அந்தப் படங்கள் தீ அடங்கி விடிந்த பிறகு எடுத்தவை. அப்படியும் சங்கிலி படத்தில் இருந்தது. காரணம், இரும்பு உருக 1,500 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஓலைத் தீ அவ்வளவு தூரம் போகாது. ஏர்வாடியில் குற்றம் இரும்பில் செய்யப்பட்டிருந்தது. அதனால் மிஞ்சியது.

மற்ற வீடுகளில் அப்படி மிஞ்சுவதில்லை. வெளியே தாழ்ப்பாள் போட்ட மரக்கதவு தாழ்ப்பாளைத் தனியே கீழே போட்டுவிட்டுக் கரியாகும். போட்டிருந்ததா திறந்திருந்ததா என்று பிறகு யார் சொல்வது? கம்பத்திலிருந்து தாழ்வாக இழுத்த ஒயர், கூரைக்குள் இட்ட ஒட்டுப்போட்ட இணைப்பு, சமையற்கட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே வைத்த தட்டி எல்லாம் முதல் பத்து நிமிடத்திலேயே போய்விடும். மிஞ்சினதைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. தீயணைப்பு வீரர் கூரையைப் பிரித்து எறிவார், சுவரை இடிப்பார், பாத்திர பண்டத்தைக் காலால் தள்ளிக்கொண்டு உள்ளே போவார். உயிரைக் காக்க வந்தவர் தடயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. அவர் செய்வது சரி. ஆனால் காலையில் பஞ்சநாமா எழுத வருகிறவருக்குக் கிடைப்பது ஈரச் சாம்பல். அந்தச் சாம்பலைக் காட்டி யார் என்ன கதை சொன்னாலும் அது நிற்கும். "மின்கசிவு" என்று எழுதலாம், "அடுப்பை அணைக்காமல் தூங்கிவிட்டார்கள்" என்றும் எழுதலாம். இறந்தவர் மறுத்துப் பேச மாட்டார்.

எரியும்போதே எடுத்த படம் இருந்தால் நிலைமை வேறு. தீ எந்த மூலையில் உயரமாக நின்றது, எந்தப் பக்கம் இன்னும் பிடிக்கவில்லை, காற்று எங்கிருந்து அடித்தது, கூரை எப்போது விழுந்தது, வண்டி வந்தபோது கதவு எப்படி இருந்தது எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். ஃபிலிம் ரோலில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஓர் எண் உண்டு. ஏழுக்கு முன்னால் ஆறு; அதை யாரும் மாற்றிப் போட முடியாது. ஒரு முன்னணி தீயணைப்பாளர் ஒருமுறை என் ஸ்டுடியோவுக்கு வந்து, ஒரு கடைத் தீயின் நெகட்டிவைப் பல்புக்கு எதிரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். "உள்ள நிக்கிற எங்களுக்கு ஒரு சுவருதான் தெரியும் தம்பி, முழு வீடும் ஒங்களுக்குத்தான் தெரியுது" என்றார்.

படமே இல்லாத இரவுகளும் நம்மிடம் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழாரையும் மற்றவர்களையும் விடுதலை செய்தது. கேமரா இருந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும் என்று நான் வாதிடவில்லை. அந்தக் காலத்தில் அந்தச் சேரியில் யாரிடம் கேமரா இருக்கும்? ஆனால் அந்த இரவைப் பற்றி உயிர் பிழைத்தவர்கள் சொன்னதற்கு எதிராக வசதியுள்ளவர்கள் சொன்னது எடைபோடப்பட்டது என்பதை மறக்க முடியவில்லை. ஏழையின் வாய்ச்சொல் ஒரு பக்கமாக நிற்கும்போது அதற்குத் துணையாக ஒரு படம் வேண்டியிருக்கிறது. வசதியுள்ளவனுக்கு அந்தத் துணை தேவைப்படுவதில்லை.

இனி, என் காலரைப் பிடித்தவரின் வாதத்துக்கு வருகிறேன். "படம் எடுக்குற நேரத்துல ஒரு வாளித் தண்ணி ஊத்தியிருக்கலாம்ல?" இதுதான் எல்லோரும் கேட்பது. கேட்கச் சரியாக இருக்கிறது. ஓலை வீடு எரிவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள்.

பனையோலைக் கூரையில் தீ பிடித்தால், அதுவும் கச்சான் அடிக்கிற மாதத்தில், வீட்டுக்குள் இருப்பவர்கள் வெளியே ஓடிவருவதற்கு இருக்கிற நேரம் சில நிமிடங்கள். பிறகு அந்த வீட்டைக் காப்பாற்ற எந்த வாளியாலும் ஆகாது. எங்கள் பக்கத்தில் ஜனங்கள் அதற்குள் ஒரே ஒரு வேலையைச் செய்வார்கள்: அடுத்த வீட்டுக் கூரையைப் பிரிப்பார்கள். அலக்கையும் தொரட்டியையும் மாட்டி இழுத்துப் போட்டு, காற்றடிக்கும் திசையில் தீ போகிற வழியை வெட்டிவிடுவார்கள். பறக்கிற கொள்ளிகளைப் பையன்கள் ஈரச் சாக்கால் அடித்து அணைப்பார்கள். அன்றைக்கு நானும் கேமரா பையைப் பூவரச மரத்தில் மாட்டிவிட்டு, நாலாவது வீட்டுக் கூரையைப் பிரிக்கக் கை கொடுத்தேன். என் காலரைப் பிடித்தவர் அதைப் பார்த்திருக்கவில்லை. அவரிடம் அதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

வண்டி வந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. நிலைய அலுவலர் இறங்கியதும் சொல்கிற முதல் வார்த்தை "எல்லாரும் தள்ளுங்க" என்பதுதான். அவர்களுக்கு ஊர்க்கை வேண்டாம். வழி வேண்டும், தண்ணீர் எங்கே இருக்கிறது என்ற தகவல் வேண்டும், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்பது தெரிய வேண்டும். ஒரு வண்டியில் 4,500 லிட்டர் தண்ணீர் இருந்து, ஒரு குழாயில் நிமிடத்துக்கு 450 லிட்டர் போனால், பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்கும். ஆனால் வண்டியைக் கரை மணலில் இறக்கினால் சக்கரம் புதையும். உப்புத் தண்ணீரைப் பம்ப்பில் இழுத்தால் பிறகு நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும், இல்லாவிட்டால் துரு தின்றுவிடும். நல்ல தண்ணீருக்கோ இந்தச் சீமை எப்போதும் தவிக்கிறது. இத்தனையும் கணக்குப் போட்டுக்கொண்டு அந்த மனிதர்கள் வேலை பார்க்கும்போது, வாளியோடு குறுக்கே ஓடுகிறவர் அவர்களுக்குப் பாரம். ஆக, வண்டி வந்த பிறகு ஊரார் அத்தனை பேரும் சும்மாதான் நிற்கிறார்கள். கேமராக்காரனும் அவர்களில் ஒருவன். சும்மா நிற்கிற நூறு பேரில் ஏதோ ஒன்றைச் செய்கிற அந்த ஒருவன் மேல்தான் கல் விழுகிறது.

"தீயணைப்பவர்களுக்கு இடைஞ்சல்" என்பது அடுத்த குற்றச்சாட்டு. இதில் உண்மை இருக்கிறது. இப்போதெல்லாம் வண்டி வருகிற சந்தில் பைக்கை நிறுத்திவிட்டு நிற்கிறார்கள். ஹோஸை மிதிக்கிறார்கள். நேரலை போடுகிறேன் என்று சுவருக்கு அடியில் போய் நிற்கிறார்கள். அவர்களைக் காப்பாற்ற ஒரு வீரர் தன் வேலையை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது. அவர்களை விரட்ட வேண்டும். கேமரா இல்லாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டு அதே இடத்தில் நிற்கிறவர்களையும் விரட்ட வேண்டும். இடைஞ்சல் செய்வது நிற்கிற இடம்.

வேலை தெரிந்தவன் எங்கே நிற்பான் என்பதைச் சொல்ல வேண்டும். திட்டுகிறவர்கள் யாரும் இதைக் கேட்டதில்லை. காற்றுக்கு முதுகு கொடுத்து நிற்பான். புகை அவன்மேல் வந்தால் அவனுக்குப் படமும் இல்லை, மூச்சும் இல்லை. ஹோஸைத் தாண்ட மாட்டான், ஏனென்றால் தண்ணீர் ஏறிய ஹோஸ் நிமிர்ந்து அடித்தால் காலை முறிக்கும். சுவரின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்காவது தள்ளி நிற்பான். ஃபிளாஷ் போடவே மாட்டான். இருட்டில் வேலை செய்கிறவர் கண்ணில் ஃபிளாஷ் அடித்தால் சில நொடிகள் அவருக்குக் கால் வைக்கும் இடம் தெரியாது. ஃபிளாஷால் படத்துக்கும் பயனில்லை: புகை அந்த வெளிச்சத்தை வாங்கி வெள்ளைச் சுவராகத் திருப்பி அடிக்கும்; உடுப்பில் தைத்த ஒளிப்பட்டை மட்டும் பளீரென்று எரிந்து, ஆள் காணாமல் போவார்.

தீயின் வெளிச்சத்திலேயே எடுக்க வேண்டும். அது பொறுமையான வேலை. தீக்கு அளவு வைத்தால் ஆட்கள் கரிக்கட்டையாக விழுவார்கள். ஆட்களுக்கு வைத்தால் தீ வெறும் வெள்ளையாகிவிடும். தண்ணீர் போய்த் தணலில் விழுந்ததும் ஆவி குபீரென்று எழும். எழுந்த ஆவி பின்னாலிருக்கும் தீயின் நிறத்தை வாங்கி வீடு முழுவதும் பரவி நிற்கும். ஒரு மூச்சு நேரம், குழாய் முனையைப் பிடித்தவர், அவருக்குப் பின்னால் ஹோஸைத் தோளில் தாங்குகிறவர், அப்பால் கூரையைக் கொக்கியால் இழுக்கிறவர் என்று எல்லாரும் தெளிவாகத் தெரிவார்கள். அந்த ஒரு மூச்சுக்காக நாற்பது நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். அப்படி நிற்பவனால் யாருக்கு என்ன இடைஞ்சல்?

கேமராக்காரனால் தீயே வந்த நாளும் உண்டு. அதை மறைத்துவிட்டு வாதாட நான் விரும்பவில்லை. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், வீடியோ எடுப்பதற்காக இழுத்த ஒயரில் மின்கசிவு ஏற்பட்டுப் பந்தல் கீற்று பற்றிக்கொண்டது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த வாரத்தில் எங்கள் தொழிலில் இருந்த அத்தனை பேரும் தலை குனிந்து நடந்தோம். கீற்றுப் பந்தலுக்குக் கீழே ஹாலஜன் விளக்கை நான் அதற்குப் பிறகு போட்டதில்லை. அந்தப் பழி எங்கள் தொழிலுக்கு உரியது. அதை ஏற்கிறேன். ஆனால் அந்தப் பழி, வெளிச்சம் எதுவும் கொண்டுவராமல் தூரத்தில் நின்று எடுக்கிறவனைச் சேராது.

மூன்றாவது வாதம்தான் கனமானது. நொந்து நிற்கிறவர்களின் மானம். இரவில் தீப்பிடித்தால் ஜனங்கள் உடுத்தியிருந்த கோலத்தில் ஓடிவருகிறார்கள். தலைவிரிகோலமாக, பாவாடையோடு, குழந்தையை அரைகுறையாகப் போர்த்திக்கொண்டு. அந்த நேரத்தில் அவர்கள் முகத்தை எடுப்பவனை நானும் மன்னிக்க மாட்டேன். அடிக்க வருகிறவரோடு சேர்ந்துகொள்வேன். ஆனால் இந்த வாதத்தை முழுவதும் யோசித்துப் பார்த்தால் அது என் பக்கத்துக்கே வருகிறது. அழுகிறவர்களுக்கு முதுகைக் காட்டிவிட்டு கேமராவைத் தீயின் பக்கமும் அதை அணைக்கிறவர்களின் பக்கமும் திருப்பினால் மானமும் போகாது, சாட்சியும் போகாது. தீயணைப்பு வீரர்களை எடுப்பது ஏதோ வீரப்படம் பிடிக்கும் ஆசை என்று நினைக்கிறார்கள். எரிகிற இடத்தில் எடுக்கத் தகுந்ததும் எடுக்க வேண்டியதும் அவர்கள் வேலைதான். ஏர்வாடியில் இறந்தவர்களின் மானத்தைப் படம் எடுத்தவர் பறித்தார் என்பதை நான் ஏற்கவில்லை. காலில் இரும்பு பூட்டிய அன்றே அது போய்விட்டது. பூட்டும்போது பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் அதில் பங்குண்டு.

வெளியூரிலும் இந்த வழக்கு நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 1975 ஜூலை 22 அன்று, எரியும் கட்டடத்திலிருந்து ஒரு பெண்ணையும் குழந்தையையும் தீயணைப்பு வீரர் மீட்பதைப் படமெடுக்கப் போனார் ஸ்டான்லி ஃபோர்மன். அவர்கள் நின்ற அவசரகால இரும்புப்படி பெயர்ந்து விழுந்தது. 19 வயதுப் பெண் இறந்தார். இரண்டு வயதுக் குழந்தை பிழைத்தது. விழுகிற கணத்தைக் காட்டிய படத்தை வெளியிட்டதற்காக வாசகர்கள் பத்திரிகைகளைத் திட்டித் தீர்த்தார்கள். அந்தப் படம் வந்த பிறகுதான் பாஸ்டனிலும் மற்ற நகரங்களிலும் அவசரப்படிகளுக்கான பாதுகாப்பு விதிகள் கடுமையாயின.

எங்கள் ஊர்க் கதை இதைவிடச் சிறியது. அந்த மூன்று ஓலை வீடுகள் எரிந்து நாலு மாதம் கழித்து, மழைக்காலத்தில், ஒரு அம்மா இராமநாதபுரத்தில் என் ஸ்டுடியோவைத் தேடி வந்தார். அன்றைக்கு நீ எடுத்த படம் இருக்கிறதா தம்பி என்று கேட்டார். கேமரா மணலில் விழுந்தும் ரோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தீயில் வீடு இழந்தவர்களுக்கு அரசு கொடுக்கிற உதவிப் பட்டியலில் அவர் பெயர் இல்லையாம். அங்கே இருந்தது வீடே இல்லை, வலை போட்டுவைக்கிற கொட்டில் என்று யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இடம் புறம்போக்கு, காட்டப் பத்திரமும் கிடையாது. ரேஷன் அட்டை எரிந்துவிட்டது. நெகட்டிவை எடுத்துப் பார்த்தோம். பதினொன்றாவது படத்தில் ஒரு தீயணைப்பு வீரர் கூரையை இழுத்துக்கொண்டிருக்கிறார். அவர் தோளுக்குப் பின்னால், இன்னும் எரியாத மண்சுவரில், குடிசைகளுக்குக் கொடுக்கிற ஒற்றை விளக்கு இணைப்பின் பெட்டி தெரிகிறது. வலைக் கொட்டிலுக்கு யாரும் மின் இணைப்புக் கொடுப்பதில்லை. மூன்று பிரதி போட்டுக் கொடுத்தேன். அவர் விடாமல் நடையாய் நடந்தார். இரண்டாவது பட்டியலில் பெயர் வந்தது.

அந்தப் பெட்டியை எடுக்க வேண்டும் என்று நான் நினைத்து எடுக்கவில்லை. கூரையை இழுக்கிற அந்த மனிதரின் உடல் வளைந்த விதம்தான் எனக்குத் தேவைப்பட்டது. அழகுக்காக எடுத்த படம் அந்த அம்மாவின் வீட்டுக்குச் சாட்சியாயிற்று. "இந்த நேரத்தில் அழகு பார்க்கிறானே" என்று திட்டுகிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் அந்த நெகட்டிவ்தான்.

அந்தப் படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. வீரரின் உடம்பில் காக்கிச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் ஹெல்மெட். மூக்கையும் வாயையும் மூடியிருந்தது ஈரத்துண்டு. அவ்வளவுதான். இப்படித்தான் அவர்கள் அன்று புகைக்குள் போனார்கள். ஒவ்வொரு ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கொண்டாடுகிறோம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகக் கப்பல் வெடிப்பில் இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக. பள்ளி மைதானத்தில், நல்ல வெயிலில், தட்டில் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தி அணைத்துக் காட்டுவார்கள். அந்தப் படங்கள்தான் மறுநாள் வருகின்றன. அது போதும் என்கிறார்கள், வீடு எரியும் இடத்தில் கேமரா எதற்கு என்கிறவர்கள். 2020 நவம்பர் 14, தீபாவளி அதிகாலை இருட்டில், மதுரை நவபத்கானா தெருவில் துணிக்கடைத் தீயை அணைத்துக்கொண்டிருந்தபோது பழைய கட்டடம் இடிந்து விழுந்து இரண்டு வீரர்கள் இறந்தார்கள். மாலை போட்டோம், கண்ணீர் விட்டோம். அவர்கள் எப்படிப்பட்ட சந்தில், எப்படிப்பட்ட சுவருக்கு அடியில், உடம்பில் எதைப் போட்டுக்கொண்டு நின்று வேலை பார்க்கிறார்கள் என்பதை ஒத்திகைப் படம் சொல்லாது. அந்த இரவுகளின் படங்கள் நிறைய இருந்தால்தான் அந்த இடங்களைப் பற்றிக் கேள்வி கேட்க முடியும்.

பத்திரிகைகள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு நாளிதழுக்கு அந்த ரோலைக் கொடுத்தபோது, தீ மிக உயரமாக நிற்கிற, ஆளே இல்லாத ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து அச்சிட்டார்கள். பதினொன்றாவது படத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எரிகிற வீட்டில் பிடுங்குவது என்ற சொல் எங்காவது பொருந்துமானால் இங்கே பொருந்தும். ஆனாலும் தேர்ந்தெடுத்தவரின் தவறுக்காக எடுத்தவரின் கையை வெட்டச் சொல்வது நியாயமாகாது. அவர்கள் விட்டுவிட்ட படம் என்னிடம் பத்திரமாக இருந்ததால்தான் அந்த அம்மாவுக்குக் கிடைத்தது.

இப்போது எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. அதனால் சாட்சியும் பெருகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும். எடுத்த நேரமும் இடமும் அதிலிருந்து கழன்றுவிடும். நாலு பேர் கை மாறினால் எந்த ஊர்த் தீ என்பதே தெரியாமல் போகும். போன வருட வெளிமாநிலத் தீ நேற்று நம் ஊரில் நடந்ததாக வரும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவை உரிய சான்றிதழோடு கொடுத்தால் நீதிமன்றம் ஏற்கும் என்கிறது. அதற்கு மூலப்படம் வேண்டும். ஆயிரம் பேர் எடுத்து, ஆயிரம் பேரும் அனுப்பிவிட்டு, ஆயிரம் பேரும் மறுவாரம் அழித்துவிட்டால், 1968இன் இருட்டுக்கே திரும்பிப் போகிறோம்.

ஆகவே இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவில் இரவில் தீப்பிடித்தால் முதலில் 101ஐ அழையுங்கள். பக்கத்து வீட்டாரை எழுப்புங்கள். வண்டி வரும்வரை கை கொடுக்க முடிந்தால் கொடுங்கள். வந்ததும் வழியை விட்டுத் தள்ளி நில்லுங்கள். ஃபிளாஷை அணைத்துவிட்டு, அழுகிறவர்களைத் தவிர்த்து, தீயையும் அதை அணைக்கிறவர்களையும் எடுங்கள். எடுத்ததை யாருக்கும் அனுப்பாமல், அழிக்காமல், அந்த வீட்டுக்காரர் கேட்டு வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள். உங்களுக்கு எடுக்க மனமில்லையென்றால், ஓரமாக நின்று எடுக்கிறவனின் காலரை மட்டும் பிடிக்காதீர்கள். நாலு மாதம் கழித்து யாராவது அவன் கடையைத் தேடி வருவார்கள்.